ஆறு மாடிப் பரிந்துரை

அரசாங்கம் எதையும் படிக்காமலே முடிவெடுக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். எங்கள் துறைச் செயலாளர் தினமும் படிக்கிறார். லிஃப்டில் படிக்கிறார்.

காலையில் காரிலிருந்து இறங்கித் தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் நுழைவார். ஆறாவது மாடியில் வெளியே வருவார். இடைப்பட்ட நேரம்தான் அவருடைய அறிவு வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. ஆறாவது மாடியில் காலெடுத்து வைத்தால் கூட்டம் ஆரம்பித்துவிடும். கூட்டத்தில் யாரும் படிப்பதில்லை. ஆகவே பொருளாதார ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அலைந்து திரிந்து எழுதும் தலையணை கனமுள்ள அறிக்கைகளை, ஆறு மாடிக்குள் படித்து முடிக்கிற அளவுக்குக் காய்ச்சி இறக்குவதற்காக மூன்றாவது மாடியில் ஒரு பிரிவு இயங்கிவந்தது. 'ஆய்வு முடிவுகளைக் கொள்கைப் பரிந்துரைகளாக மாற்றும் சிறப்புப் பிரிவு' என்பது அதன் முழுப் பெயர். இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே லிஃப்ட் இரண்டு மாடி ஏறிவிடும் என்பதால் எல்லோரும் சுருக்கப் பிரிவு என்றே சொன்னார்கள்.

பழைய லிஃப்ட் இருந்த காலம் அந்தப் பிரிவுக்குப் பொற்காலம். அது முனகிக்கொண்டே ஏறும். சில நாள் மூன்றாவது மாடியில் நின்று யோசிக்கும். செயலாளர் இரண்டு பக்கம் முழுதாகப் படித்துவிடுவார். மனமிருந்தால் ஒரு கேள்விகூடக் கேட்பார். பிறகு நவீனமயமாக்கலின் ஒரு பகுதியாகப் புது லிஃப்ட் வந்தது. ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. நாட்டின் கொள்கை ஆவணங்களின் நீளம் ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்திலிருந்து ஒரு பெட்டிக்கு வந்துவிட்டது. முதல் பக்கத்தின் மேலே கோடு போட்டுக் கட்டிய பெட்டி. அதற்குள் மூன்று பரிந்துரைகள். முதல் பரிந்துரை செலவில்லாததாக இருக்க வேண்டும். இரண்டாவது, முதல் பரிந்துரையைப் பாராட்ட வேண்டும். மூன்றாவது, 'மேலும் ஆய்வு தேவை'. பெட்டிக்குக் கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை என்றாலும், எழுதியாக வேண்டும் என்பது விதி.

இந்தப் பெட்டிகளை எழுதுகிறவரைச் சுருக்கர் என்று கூப்பிட்டார்கள். எத்தனை பெரிய புத்தகத்தைக் கொடுத்தாலும் மதியத்துக்குள் எலும்பை உருவி எடுத்துவிடுவார். தொழில் அவரை வீட்டிலும் விடவில்லை. உறவில் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்தவரிடம், "என்ன மாப்பிள்ளை, எப்படி ஆச்சாம்?" என்று மாமியார் கேட்டபோது, "காரணம் மாரடைப்பு. விளைவு இறப்பு. உப்பைக் குறைக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனவர் அவர்.

அந்த மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகள் வீட்டோடு இருந்தார். மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமியாருக்கு வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. கூடவே ரத்தக் கொதிப்பு. கொதிப்புக்கான மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரை இரண்டு தெரு தள்ளியிருந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை கிடைக்கும். நேரில் போக வேண்டும், கையில் பட்டை சுற்றி அளந்து பார்ப்பார்கள், அப்புறம்தான் சீட்டு. சீட்டு இல்லாமல் வெளிக்கடையில் கேட்டால் தரமாட்டார்கள். மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரே ஓர் ஆள் என்பதால் அரை நாள் ஆகிவிடும். மாமியார் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"எனக்கென்ன, அங்க ஒரு நீல நாற்காலி இருக்கு" என்பார். "ஒரு கால் ஒடஞ்சு கம்பி சுத்தியிருப்பாங்க. பாத்தா பயமா இருக்கும், உக்காந்தா அசையாது. நான் போனா யாராயிருந்தாலும் எழுந்து எடம் விட்டுடுவாங்க. ஊர்க்கதை எல்லாம் பேசி முடிக்கிறதுக்குள்ள கூப்பிட்டுடுவான்."

நிலைமை இவ்வாறிருக்க, ஒரு பேராசிரியரின் ஆய்வு சுருக்கப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

பேராசிரியர் பொருளாதாரக்காரர். அரசு ஆஸ்பத்திரிகளில் காத்துக்கிடப்பதால் ஜனங்களுக்கு எவ்வளவு கூலி போகிறது என்று வாசல் வாசலாக நின்று கணக்கெடுத்து, செருப்புத் தேய, எழுதியிருந்தார். ஜனங்கள் அரை நாள் கூலியை இழக்கிறார்கள். மருந்து ஜன்னலில் இன்னோர் ஆளைப் போட்டால் போதும். போடுகிற சம்பளத்தைவிட மிச்சமாகிற கூலி பல மடங்கு. இவ்வளவுதான் விஷயம். சுருக்கர் அதைக் காலையிலேயே பெட்டியில் அடைத்து, பிரிவின் இயக்குநரிடம் கொண்டுபோனார்.

இயக்குநர் அப்போதுதான் வெளிநாட்டில் ஒரு குறுகிய காலப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துக்கொண்டு, ஒரு தோள்பையும் ஒரு காபிக் கோப்பையும் ஒரு கருத்துமாகத் திரும்பியிருந்தார். மூன்றிலும் ஒரே வாசகம் அச்சாகியிருந்தது: 'சிறு தூண்டல், பெரு மாற்றம்.' துறைக்கு வருடாவருடம் ஒரு காய்ச்சல் வரும். போன வருடம் எல்லாவற்றுக்கும் கைப்பேசிச் செயலி. அதற்கு முந்தின வருடம் எல்லாவற்றுக்கும் தரவரிசை. கழிப்பறைகளுக்குக்கூட வரிசை எண் கொடுத்து, கடைசியாக வந்ததைப் பூட்டிவைத்தார்கள். இந்த வருடம் தூண்டல். ஜனங்களை அதட்டவும் வேண்டாம், அவர்களுக்குச் செலவழிக்கவும் வேண்டாம். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் தாங்களே திருந்திவிடுவார்கள் என்பது அதன் சாரம்.

இயக்குநர் பெட்டியைப் படித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னய்யா இது? முதல் வரியே 'ஆள் போடுங்க'ன்னு இருக்கு. சார் ஒண்ணாவது மாடியிலயே பேப்பர மடிச்சுடுவார்."

"ஆய்வோட முடிவே அதுதான் சார்."

"முடிவு அவரோடது. பரிந்துரை நம்மோடது. முடிவை நாம மாத்த முடியுமா? கூடாது. அது தப்பு. பரிந்துரைக்கு நமக்கு முழுச் சுதந்திரம் இருக்கு." இயக்குநர் அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டினார். தூண்டலைத் தேடுகிறவன் கண்ணுக்கு அது எங்கேயாவது தட்டுப்பட்டுவிடும். "இதோ, இந்தப் பட்டியலப் பாருங்க. நாற்காலி போட்டிருக்கிற ஆஸ்பத்திரியில ஜனங்க எவ்வளவு நேரம் காத்திருக்காங்க?"

"அரை நாள் சார்."

"நாற்காலி இல்லாத ஆஸ்பத்திரியில?"

"அரை மணி நேரம்."

"அப்ப ஜனங்கள காத்திருக்க வெக்கிறது எது?"

சுருக்கர் பின்னிணைப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "சார், நாற்காலி இல்லாத எடத்துல கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. மருந்து வாங்காமலே போறாங்க. அதையும் பேராசிரியர் எழுதியிருக்கார்."

"போனவங்க காத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப காத்திருப்பு கொறஞ்சுதா இல்லையா?"

"கொறஞ்சுது சார்."

"அதத்தானய்யா நானும் சொல்றேன். நீங்க என்னவோ எங்கிட்ட சண்டைக்கு வர்ற மாதிரி பேசறீங்க."

சுருக்கர் காகிதத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். அவருக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. அதை அவர் அடிக்குறிப்பில் வைத்திருந்தார். பெட்டியில் எதை எழுதச் சொன்னாலும் எழுதிவிட்டு, இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உண்மையைப் போட்டுவைப்பார். அன்றைக்குக் கணக்குச் சரியாகிவிடும், நன்றாகத் தூங்குவார். இந்த முறையும் அப்படியே எழுதினார்: 'நாற்காலி இல்லாத இடங்களில் கணிசமானோர் மருந்து பெறாமலே வீடு திரும்பினர்; இவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.' எழுதும்போது மாமியாரின் முட்டி ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. இத்தனை பெரிய நாட்டில் முன்னோடித் திட்டம் நம் தெருவுக்கா வரப்போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை லிஃப்டில் செயலாளர், இயக்குநர், பின்னால் கோப்போடு சுருக்கர். கதவு மூடியது. செயலாளர் பெட்டியைப் பார்த்தார்.

"நாற்காலிய எடுத்துடணுமா?"

"ஆமா சார். தூண்டல்."

"செலவு?"

"மிச்சம் சார். நாற்காலி நம்ம கைக்கு வந்துடும்."

"ஆய்வு இருக்கா?"

"பேராசிரியரோட ஆய்வு சார். நானூறு பக்கம்."

"நானூறு பக்கமா?" செயலாளருக்கு மரியாதை வந்துவிட்டது. நாலாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்டின் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது மாடிக்கு அவருக்கு வேலை இல்லாமல் போனதால் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

'பொதுமக்களின் பொன்னான நேரத்தை மீட்டெடுக்கும் உன்னத நோக்குடன், புறநோயாளர் பகுதிகளில் காத்திருப்பை ஊக்குவிக்கும் அறைகலன்கள் அனைத்தும் உடனடியாக அகற்றப்பட வேண்டியது' என்று ஆணை பிறந்தது. முதற்கட்டமாக எந்த ஆஸ்பத்திரியில் தொடங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, அதிகாரிகள் சிரமமில்லாமல் போய்ப் பார்வையிட வசதியாகத் தலைமை அலுவலகத்துக்கு அருகிலேயே இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, சுருக்கர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்ததை.

அந்த மாதம் மாத்திரைக்குப் போன மாமியார், வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். சுருக்கர் அப்போதுதான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட? மாத்திரை?" என்று மகள் கேட்டாள்.

"எங்க வாங்கறது? நாற்காலி ஒண்ணையும் காணோம். வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. சரின்னு கொஞ்ச நேரம் நின்னேன். கால் கடுத்துப் போச்சு. தரையில உக்காந்தேன். காவக்காரன் ஓடி வந்து, 'பெரியம்மா, உக்காரக் கூடாது, மேலேருந்து ஆர்டர்'ங்கிறான்."

"தரையிலயுமா?"

"அதத்தான் நானும் கேட்டேன். உக்காந்தா காத்திருப்பு கூடிப்போகுமாம். அவன் பாவம், நாலு பேரா சேந்து என்னைத் தூக்கி விட்டாங்க. அதுக்குமேல நிக்க முடியாம வந்துட்டேன். வெளிய வரும்போது ஒருத்தி, எத்தன மணிக்கு வந்தீங்க, எத்தன மணிக்குப் போறீங்கன்னு குறிச்சுக்கிட்டா. குறிச்சுட்டு, 'ரொம்ப நல்ல நேரம் பாட்டி'ங்கிறா."

"இப்படியெல்லாம் ஒக்காந்து யோசிக்கிறது யாருன்னே தெரியல" என்றாள் மகள். "மனுஷன்தானா அவன்?"

சுருக்கர் சட்டைப் பொத்தானை ஒருமுறை கழற்றி மறுபடி போட்டார். "வெளியில காசு கொடுத்து ஒரு டாக்டரப் பாத்துடலாமே அத்தை" என்றார்.

"எதுக்கு? எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குத்தான் தெரியும். புதுசா ஒருத்தர் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பார். அடுத்த வாரம் போய்ப் பாக்கறேன். நாற்காலிய பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோயிருப்பாங்க."

அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். நாற்காலி பெயிண்ட் அடிக்கப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் நின்ற நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். திட்டத்தின் வெற்றிக்குத் தனியொருவராக மாமியார் அளித்த பங்களிப்பு கணிசமானது. மாத்திரை தீர்ந்து, காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் பேராசிரியர் சுருக்கப் பிரிவுக்குள் புயலாக நுழைந்தார். மூன்று மாடி படியேறி வந்திருந்ததால் பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் ஆள் போடச் சொன்னா நீங்க நாற்காலிய எடுத்திருக்கீங்க. என் பேர வேற போட்டிருக்கீங்க. நான் சும்மா விடமாட்டேன். பத்திரிகைக்குப் போவேன்."

"தாராளமா போங்க" என்றார் இயக்குநர். "உக்காருங்க முதல்ல. உங்க பல்கலைக்கழகத்துல அடுத்த பதவி உயர்வுக்கு என்ன கேக்கறாங்க இப்ப?"

பேராசிரியர் சந்தேகமாகப் பார்த்தார். "சமூகத் தாக்கம்னு ஒண்ணு கேக்கறாங்க. ஆய்வால அரசோட கொள்கை எதாவது மாறியிருக்கணும். யாருக்கும் அது கெடைக்கிறதில்ல."

"உங்க ஆய்வால மாறியிருக்கா இல்லையா?"

"மாறியிருக்கு. ஆனா நான் சொன்ன மாதிரி..."

"எப்படி மாறணும்னு அந்தப் படிவத்துல கேக்கறாங்களா?"

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, தன் ஆய்வால் கொள்கை மாறியதென்று பிரிவு தரப்போகிற சான்றிதழில் முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்றும், பெயருக்கு முன்னால் 'முனைவர்' விட்டுப்போகக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். மூன்றாவது பரிந்துரை 'மேலும் ஆய்வு தேவை' என்று இருப்பதை இயக்குநர் சுட்டிக்காட்டியபோது, அந்த ஆய்வைத் தானே செய்து தருவதாகவும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இறங்கும்போது லிஃப்டில் போனார்.

திட்டத்தின் வெற்றி விழா பெரிய அரங்கில் நடந்தது. காத்திருக்கும் நேரம் பாதாளத்துக்கு இறங்கியதைச் சுவர் அளவு வரைபடமாக மாட்டியிருந்தார்கள். விருந்தினர்கள் உட்கார்ந்து கை தட்டினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நீல நாற்காலிகளின் முதுகில் 'புறநோயாளர் பகுதி' என்று வெள்ளை எழுத்து இருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் முதுகுதான் அதை மறைத்துக்கொண்டிருந்ததே. செயலாளர் தூண்டலைப் பாராட்டினார், இயக்குநர் செயலாளரைப் பாராட்டினார். கடைசியில், பரிந்துரையை எழுதிய கை என்று சொல்லிச் சுருக்கரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார்கள். பொல்லாத நேரம், பத்திரிகைக்காரர்கள் அந்த ஒரு படத்தைத்தான் போட்டார்கள்.

மறுநாள் காலை மகள் பத்திரிகையைப் படித்துவிட்டு அதைக் கணவர் முன்னால் விரித்து வைத்தாள். கணக்கு டீச்சர் தப்பான விடையைச் சுழிப்பது போலப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"என்னங்க, நீங்களா?"

"பெட்டியில இருக்கிறது இயக்குநர் சொன்னது. அடிக்குறிப்புல நான் எல்லாத்தையும் எழுதியிருக்கேன்."

"எங்கம்மா அடிக்குறிப்புல போய் உக்காந்துக்கணுமா?"

மாமியார் சுவரைப் பிடித்தபடி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "சால்வை நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். "எடுத்து வைங்க. நான் விழுந்து கிடந்தா போத்திவிட ஆகும்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சுருக்கர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைச் சுருக்க முடியாமல் அலுவலகம் போனார். வெட்கமாக இருந்தது. செயலாளர் அந்த அடிக்குறிப்பைப் படித்துவிட்டால் போதும், உடனே நாற்காலிகள் திரும்பி வந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு நோய் உண்டு. ஆனால் அது இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. லிஃப்டோ பெட்டியைத் தாண்ட விடாது. யோசித்து யோசித்து, அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

அடுத்த நாள் செயலாளரும் இயக்குநரும் லிஃப்டுக்குள் நுழைந்ததும், சுருக்கர் பின்னாலேயே ஏறி, அதே அடிக்குறிப்போடு திட்டத்தை நாடு முழுக்க விரிவாக்கும் கோப்பைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, பொத்தான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டு எல்லா மாடிப் பொத்தான்களையும் ஒன்றுவிடாமல் அழுத்தினார். ஒன்றாவது மாடியில் கதவு திறந்தது. யாரும் இல்லை. மூடியது. இரண்டாவது மாடியிலும் திறந்தது.

"என்ன, யாரும் ஏறலையே" என்றார் செயலாளர்.

"பொதுமக்கள் யாராவது அழுத்திட்டு நடந்து போயிருப்பாங்க சார்" என்றார் இயக்குநர். "அவங்களையும் தூண்டணும்."

செயலாளர் பெட்டியை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் கீழே படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது மாடியில் பக்கத்தைத் திருப்பினார். நாலாவது மாடியைத் தாண்டியதும், நவீன லிஃப்டுக்கு இத்தனை யோசிக்கிற பழக்கம் இல்லாததால், ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, விசிறி நின்றது. ஆட்கள் வருகிறார்கள், பொறுத்திருங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது.

பொறுத்திருந்தார்கள். செயலாளர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். சுவரில் சாய்ந்தார். ஷூவின் நாடாவைத் தளர்த்தினார். கைப்பேசியில் சிக்னல் இல்லை. படிப்பதற்கு அந்த இரண்டாம் பக்கத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாமல் போனது. பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கணிசமானோர் மருந்து பெறாமலே வீடு திரும்பினர்" என்று வாய்விட்டுப் படித்தார். "முதியவர்கள். யார் எழுதினது இது?"

"நான்தான் சார்" என்றார் சுருக்கர். "அங்க நிக்க முடியாதவங்க இருக்காங்க சார். எங்க மாமியாரே மூணு தடவ போய் மாத்திரை வாங்காம வந்துட்டாங்க. காலையில எழுந்தா தலை சுத்துது."

செயலாளர் சுருக்கரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு இன்னிக்குத்தான்யா தெரியுது" என்றார். அதை மனம்விட்டுச் சொன்னார், நடிப்பில்லை. "இத இப்படியே விடக் கூடாது. இன்னிக்கே ஆர்டர் போடறேன்."

சுருக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைப் பிளந்து அவர்களை வெளியே எடுத்தபோது, தன்னை முதலில் இறங்கச் சொன்ன செயலாளருக்கு வழிவிட்டுக் கும்பிட்டார்.

அன்று மாலையே ஆணை வந்தது. அதில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று: லிஃப்டில் உடனடியாக ஒரு நாற்காலி போடப்பட வேண்டும். இரண்டு: கணிசமானோர் வீடு திரும்பினர் என்ற சாதனையை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்தது வருந்தத்தக்கது, கூட்டம் குறைந்ததற்கான நேரடிச் சான்று அது, இனிமேல் இத்தகைய நற்செய்திகள் பெட்டிக்குள்ளேயே இடம்பெற வேண்டும், அடிக்குறிப்பு எழுதும் வழக்கம் இத்துடன் நிறுத்தப்படுகிறது. கூடவே, சுருக்கருக்கு ஒரு பாராட்டுக் குறிப்பும் இருந்தது. கிடங்கிலிருந்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்து வந்தவன், சின்ன லிஃப்டுக்குப் பெரிய நாற்காலி எதற்கு என்று, ஒரு கால் உடைந்து கம்பி சுற்றியிருந்த நீல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். பார்க்கப் பயமாக இருந்தது. உட்கார்ந்தால் அசையவில்லை.

அடிக்குறிப்பும் போனபிறகு சுருக்கருக்கு மனசாட்சியை வைக்க இடமில்லை. ஒளிப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஊரே படத்தைப் பார்த்துவிட்டது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாமியாரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வாசலில், வரிசைக்குப் போகச் சொல்லிக் காவல்காரர் தடுத்தபோது, சட்டைப்பையிலிருந்து அலுவலக அட்டையை எடுத்துக் காட்டினார். காவல்காரருக்கு அட்டையைவிடப் பத்திரிகைப் படம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"அடடே, சார் நீங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா? அம்மா, உள்ள வாங்க. மெதுவா, மெதுவா."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து, மருந்து கொடுக்கிறவர் தன் நாற்காலியையே மாமியாருக்கு நகர்த்திப் போட்டார். டாக்டர் அங்கேயே வந்து கையில் பட்டை சுற்றினார். கொதிப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. நல்லவேளை இன்றைக்காவது வந்தீர்கள் என்று கடிந்துகொண்டு மாத்திரையை மாற்றி எழுதினார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். பிறகு அவளைக் காணோம். மிச்சமிருந்த திடகாத்திரமான சிலர், வரிசை ஓர் இடம் முன்னால் நகர்ந்ததில் சந்தோஷப்பட்டார்கள். சுருக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அப்போது பேராசிரியரின் புதிய ஆய்வுக்காகக் கேள்வி கேட்கிற பெண் உள்ளே வந்தாள். 'மருந்து பெற்றவர்களிடம் மட்டும் கேட்கவும்' என்று அவளுடைய படிவத்தின் மேலேயே அச்சிட்டிருந்தது. மாமியார் பையில் மாத்திரையைப் போட்டு முடிச்சுப் போடுவதைப் பார்த்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"அம்மா, இப்ப இங்க சேவை எப்படி இருக்கு? திருப்தியா?"

மாமியாரின் வாய் எப்படிப்பட்டது என்று சுருக்கருக்குத் தெரியும். இத்தனை நாள் சுவரைப் பிடித்து நடந்ததையெல்லாம் சேர்த்துவைத்து இப்போது கொட்டப்போகிறார், கொட்டட்டும் என்று நினைத்தார். நாலு பேர் காதில் விழட்டும்.

மாமியார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, முட்டியை நீட்டினார்.

"ரொம்ப திருப்திம்மா. முன்னெல்லாம் வந்தா அரை நாள் போயிடும். இப்ப வந்ததும் தெரியல, போறதும் தெரியல. அந்தக் கூட்டமெல்லாம் எங்கதான் போச்சோ, நிம்மதியா இருக்கு" என்றார். பிறகு மாப்பிள்ளையைக் காட்டி, "எல்லாம் இவர் எழுதினதுதான்" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நாடு முழுவதற்குமான விரிவாக்கப் பரிந்துரை திருத்தி எழுதப்பட்டு மறுபடி லிஃப்டுக்குள் போனது. பெட்டியில் ஒரு பயனாளியின் கூற்றாக மாமியார் சொன்னதுதான் இருந்தது. சுருக்கர் அதில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. வெட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. செயலாளர் கம்பி கட்டிய நீல நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாவது மாடி வருவதற்குள் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்ச மாடிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.